அரசு மருத்துவமனையில் மின்னணு மருத்துவப் பதிவேடு: ஓ.பி. சீட்டிலிருந்து வார்டு வரை எந்த வரிசையில் போவது

தமிழ்நாட்டில் ஓர் அரசுத் தாலுகா மருத்துவமனை காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியபோது முதல் நாளிலிருந்து அந்த வேலையில் இருந்தேன். அப்புறம் வேறு இரண்டு மருத்துவமனைகளில் இதே வேலை தொடங்கி, பாதியில் நின்று, மறுபடி தொடங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எங்கேயும் மென்பொருள் மோசம் என்று சொல்ல முடியாது. வரிசைதான் தப்பு. எடுத்த எடுப்பில் டாக்டர் மேசையில் கம்ப்யூட்டரை வைத்து, "இனிமேல் எல்லாம் இதில்தான்" என்று சொல்லிவிட்டார்கள். பத்தாவது நாள் போய்ப் பார்த்தால் அதன்மேல் துணி போர்த்தியிருந்தது.

100 முதல் 300 படுக்கைகள், தினமும் 500 முதல் 1,000 புறநோயாளிகள் என்ற அளவில் இருக்கும் மருத்துவமனையை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வரிசைக்கான காரணம் ஒன்றுதான்: ஒருவரிடம் தகவலை உள்ளிடச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கணினி அவருக்கு ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். டாக்டரை டைப் பண்ணச் சொல்லும் நாளில் அவர் திரையில் லேப் ரிசல்ட்டும் மருந்து இருப்பும் ஏற்கெனவே தெரிய வேண்டும். அதனால்தான் பதிவு கவுன்டர், மருந்தகம், லேப், டாக்டர் அறை, வார்டு என்று போகிறோம்.

1. ஒரு வாரம் நோயாளியின் பின்னால் நடங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. காலை ஏழரை மணிக்கு வாசலில் நின்று, ஒரு நோயாளி உள்ளே வந்ததிலிருந்து மருந்து வாங்கிக்கொண்டு வெளியேறும் வரை கூடவே போங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர் போதும். காய்ச்சலுக்கு வந்தவர், மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்குபவர், கர்ப்பிணி, 108-இல் வந்தவர், அட்மிஷன் ஆகிறவர் என்று விதவிதமாகத் தேர்ந்தெடுங்கள்.

வழியில் பார்க்கும் ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்: ஓ.பி. சீட்டு, லேப் ரிக்வஸ்ட், எக்ஸ்ரே சீட்டு, மருந்துச் சீட்டு, கேஸ் ஷீட், இன்டென்ட் (மருந்தும் பொருளும் கேட்டு அனுப்பும் படிவம்), எல்லா ரெஜிஸ்டரும். எங்களுக்கு 40-க்கு மேல் கிடைத்தன. அவற்றில் பல ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப எழுதுபவை.

ஒவ்வொரு காகிதத்தின் பின்பக்கத்திலும் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். யார் எழுதுகிறார், யார் படிக்கிறார், மேலே எந்த அலுவலகத்துக்குக் கணக்குப் போகிறது. கடைசிக் கேள்விதான் பெரிது. மாதக் கணக்கு எந்த ரெஜிஸ்டரிலிருந்து எடுக்கப்படுகிறது என்று தெரியாமல் அந்த ரெஜிஸ்டரை நிறுத்தினால், மாதக் கடைசியில் செவிலியர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதுவார்கள். அன்றோடு உங்கள்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை போய்விடும்.

இங்கே நடக்கும் தவறு, இந்த வேலையை நிறுவனத்துக்காரரிடம் விட்டுவிடுவது. அவர் தன் மென்பொருளில் இருக்கும் திரைகளுக்கு ஏற்றபடிதான் மருத்துவமனையைப் பார்ப்பார். மருத்துவமனைக்குள் வேலை செய்கிறவர்களில் மூன்று பேர் உங்களுடன் நடக்க வேண்டும். அனுபவமுள்ள ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு மருந்தாளுநர், கம்ப்யூட்டரில் ஆர்வமுள்ள ஓர் இளம் டாக்டர். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவையும் இந்த மூவரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும்.

2. கரண்ட், வயர், நெட்

கம்ப்யூட்டர் வாங்க ஒதுக்கும் பணத்துக்குச் சமமாக இதற்கும் ஒதுக்குங்கள். மருத்துவமனையில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சில நொடிகள் ஆகும், அதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மறுபடி ஆன் ஆகி, லாகின் ஆகி வர ஐந்து நிமிடம். வரிசையில் நிற்கும் 60 பேருக்கு அந்த ஐந்து நிமிடம் மிக நீளம். கவுன்டரில் உள்ள கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, பிரிண்டருக்கும் நெட்வொர்க் சுவிட்ச்சுக்கும் யு.பி.எஸ். வேண்டும். சுவிட்ச்சை மறந்துவிட்டு, "கம்ப்யூட்டர் ஓடுது, ஆனா ஒண்ணும் வரலை" என்று எல்லாரும் குழம்பி நின்ற காட்சியை மூன்று இடத்திலும் பார்த்தேன்.

சர்வர் உள்ளேயே இருக்கலாம், வெளியே மேகக்கணினியிலும் இருக்கலாம். வெளியே என்றால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு கட்டாயம், அதுவும் இரண்டும் ஒரே கம்பத்தின் வழியாக வராதபடி. உள்ளே என்றால் பூட்டிய, குளிர்சாதனம் உள்ள அறையும், எலி நுழையாதபடி அடைத்த வயர்க் குழாயும் வேண்டும். எலி விஷயத்தைச் சிறிதாக நினைக்காதீர்கள். பழைய கட்டடங்களில் நெட்வொர்க் வயரை எலி கடிப்பது அடிக்கடி நடக்கிறது.

ஓ.பி. சீட்டுக்குத் தெர்மல் பிரிண்டர் வேகமானது, மலிவானது. ஆனால் அந்தக் காகிதத்தில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். நோயாளி வீட்டில் வைத்திருக்க வேண்டிய டிஸ்சார்ஜ் சம்மரியையும் சர்க்கரை நோயாளியின் புத்தகத்தில் ஒட்டும் தாளையும் லேசர் பிரிண்டரில் எடுங்கள்.

3. மென்பொருள்

இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். மாநிலத் துறை ஒன்றைக் கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தேசிய தகவலியல் மையத்தின் இ-ஹாஸ்பிட்டல் இருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருளில், மருத்துவப் பதிவுக்கான ஓபன்எம்ஆர்எஸ் 2004-இலிருந்து வளர்ந்து வருகிறது, கென்யா உட்படப் பல நாடுகளின் அரசு மருத்துவமனைகளில் ஓடுகிறது. அதை அடிப்படையாக வைத்து, லேப்புக்கு ஓபன்எலிஸ், கணக்குக்கும் இருப்புக்கும் ஓடூ என்று சேர்த்துக் கட்டியதுதான் பாம்னி. இந்தியாவின் சிறிய மருத்துவமனைகளின் தேவையிலிருந்து பிறந்தது அது.

எதை எடுத்தாலும் ஒப்பந்தத்தில் நான்கு வரிகள் இருக்க வேண்டும். தரவு மருத்துவமனைக்குச் சொந்தம். எப்போது கேட்டாலும் முழுத் தரவையும் பொதுவான வடிவத்தில் எடுத்துத் தர வேண்டும். நிறுவனம் விலகினால் ஆறு மாதம் உடன் இருந்து ஒப்படைக்க வேண்டும். மருத்துவப் பதிவுகளை இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனோடு இணையும் தகுதி இருக்க வேண்டும். இரண்டாவது வரி இல்லாமல் கையெழுத்துப் போட்ட இடத்தில், ஐந்து வருடப் பதிவுகளைத் திறக்கவே முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

டெமோ பார்க்கும்போது அவர்களின் ஆளை இயக்க விடாதீர்கள். உங்கள் பதிவு கவுன்டர் பணியாளரை உட்கார வைத்து, முன்பு எடுத்த ஓ.பி. சீட்டுகளில் 20-ஐக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும்.

4. பதிவு கவுன்டர்: இங்கே தவறினால் எல்லாம் தவறும்

ஒரு சின்னக் கணக்கு. காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் 600 பேர் வருகிறார்கள். ஒரு பதிவுக்கு 2 நிமிடம் ஆனால் மொத்தம் 1,200 நிமிடம், 7 கவுன்டர் வேண்டும். அதையே 40 நொடியில் முடித்தால் 3 கவுன்டர் போதும். உங்களிடம் அநேகமாக 3 கவுன்டருக்குத்தான் ஆள் இருக்கும். ஆகவே பதிவுத் திரையில் என்னென்ன கேட்கலாம் என்பதை அந்த 40 நொடிதான் முடிவு செய்கிறது.

கட்டாயமாகக் கேட்க வேண்டியவை: பெயர், வயது, பாலினம், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், போன் எண். அவ்வளவுதான். தொழில், வருமானம், மதம், படிப்பு என்று திரையில் 25 கட்டங்கள் வந்தால் பணியாளர் எல்லாவற்றிலும் ஒரே பதிலைப் போட்டுவிட்டு நகர்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கடினமான வேலை, ஏற்கெனவே பதிவானவரைத் தேடிக் கண்டுபிடிப்பது. நம் பெயர்கள் கணினிக்குப் பெரிய சோதனை. லட்சுமி என்பதை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், கல்யாணத்துக்குப் பிறகு மாறும். வயதான பலருக்குப் பிறந்த தேதி தெரியாது; ஜனவரி 1 என்று போட்டு வைத்திருப்பார்கள். ஒரே போன் எண்ணில் வீட்டில் உள்ள ஆறு பேரும் இருப்பார்கள். ஆகவே பெயரையோ போன் எண்ணையோ மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யக் கூடாது.

நாங்கள் பின்பற்றிய வரிசை இது. முதலில் பழைய சீட்டிலுள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்வது. அது இல்லையென்றால், டிஜிட்டல் மிஷனில் ஒவ்வொருவருக்கும் தரும் 14 இலக்க சுகாதார அடையாள எண்ணான ஆபா எண். அதுவும் இல்லையென்றால் போன் எண்ணைப் போட்டு, அந்த வீட்டில் உள்ளவர்களின் பட்டியலை வரவழைத்து, தந்தை அல்லது கணவர் பெயரையும் ஊரையும் கேட்டு உறுதி செய்வது. கடைசியாகத்தான் பெயர்த் தேடல். எதிலும் கிடைக்காவிட்டால் மட்டும் புதிய எண்.

பெயரை நீங்கள் சொல்லி "சரியா?" என்று கேட்காதீர்கள். அவசரத்திலும் பயத்திலும் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "உங்க பேர் சொல்லுங்கம்மா, எந்த ஊரு?" என்று கேட்டு, அவர் வாயிலிருந்து வருவதைத் திரையோடு ஒப்பிடுங்கள். எங்கள் இடத்தில் ஒரே தெருவைச் சேர்ந்த, ஒரே பெயருள்ள, வயதும் ஏறக்குறைய ஒன்றான இரண்டு பெண்களின் பதிவு ஒன்றாகிவிட்டது. ஒருவருக்குச் சர்க்கரை உண்டு, இன்னொருவருக்கு இல்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த சிஸ்டர், "அக்கா, உங்களுக்குச் சுகர் எப்போலேர்ந்து?" என்று பேச்சுவாக்கில் கேட்டதால்தான் தெரிந்தது. அந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து கேட்டு உறுதி செய்வது எங்களுக்குக் கட்டாய விதி.

ஆபா எண் விருப்பத்தின் பேரில்தான். அது இல்லை, ஆதார் கொண்டு வரவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இதைக் கவுன்டரில் எழுதியே ஒட்டுங்கள். நோயாளி தன் போனில் ஸ்கேன் செய்து விவரத்தை அனுப்பும் வசதி 2022-இல் வந்தது. இளைஞர்கள் உள்ள குடும்பங்களுக்கு அது நல்ல வசதி. ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்குத் தனி வரிசை எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

மூன்று விதமானவர்களுக்கு முன்கூட்டியே விதி எழுதி வையுங்கள். பெயர் தெரியாமல் 108-இல் வருபவர். அவருக்குத் தற்காலிக எண், பிறகு ஆள் யார் என்று தெரிந்ததும் இணைத்தல். பிறந்த குழந்தை, தாயின் எண்ணோடு கட்டிய தனி எண், இரட்டை என்றால் 1, 2 என்று பிறந்த வரிசையில். கர்ப்பிணி, அவர் கொண்டு வரும் பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) முதல் வருகையிலேயே ஏற்றிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும், பிரசவத்தன்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒருவருக்கே இரண்டு எண் விழுந்தால் அதை இணைக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை பட்டியல் எடுத்து இணைத்தால் போதும். கவுன்டரில் எல்லாரும் இணைக்கலாம் என்று விட்டால் மேலே சொன்னது போன்ற விபத்து நிச்சயம். இரண்டாகக் கிடக்கும் பதிவைச் சரி செய்துவிடலாம், ஒன்றாகக் கலந்ததைப் பிரிப்பது மிகவும் கஷ்டம்.

இந்தப் பகுதி மட்டும் நான்கு வாரம் ஓடட்டும். அடுத்ததைத் தொடாதீர்கள்.

5. மருந்தகம்: முதலில் இருப்பு மட்டும்

நோயாளி வாரியாக மருந்து கொடுப்பதை இப்போதே ஏற்றச் சொன்னால் மருந்தாளுநர் காகிதச் சீட்டைப் பார்த்து டைப் பண்ண வேண்டும், வரிசை வாசலைத் தாண்டிப் போகும். முதல் கட்டத்தில் இருப்பு, வரவு, நாள் கடைசியில் மொத்தச் செலவு, இவை மட்டும் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எண்ணுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து வந்தவை, உள்ளூரில் வாங்கியவை, வார்டு அலமாரியில் தூங்குபவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாமல் ஒன்றையும் ஏற்றாதீர்கள். முதலில் காலாவதியாவதை முதலில் கொடுப்பதற்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.

புதியவர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. இருப்பை அட்டைக் கணக்கில் ஏற்றுவார்கள், டாக்டர் எழுதுவது மாத்திரைக் கணக்கில் இருக்கும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் 500 அட்டை இருக்கிறது என்றால், அட்டைக்குப் பத்து வீதம் 5,000 மாத்திரை. திரையில் 500 என்றே நிற்கும். ஒரு மாதத்துக்கு 60 மாத்திரை வீதம் ஒன்பதாவது நோயாளிக்கு "இருப்பு இல்லை" என்று வரும், அலமாரியோ நிறைந்திருக்கும். ஒரு தடவை இப்படி நடந்தால் அந்தத் திரையை யாரும் நம்ப மாட்டார்கள். எல்லா மருந்துக்கும் மிகச் சிறிய அலகிலேயே கணக்கு: மாத்திரை, மில்லி, குப்பி.

மருந்துப் பெயர்ப் பட்டியலையும் இப்போதே சுத்தம் செய்யுங்கள். பாராசிட்டமால் என்று ஒரே மருந்து ஐந்து விதமான எழுத்தில் இருந்தால் கணக்கு ஐந்தாக உடையும். பொதுப் பெயர், வலிமை, வடிவம் என்ற ஒரே முறையில் எழுதி, புதிய பெயர் சேர்க்கும் அதிகாரத்தைத் தலைமை மருந்தாளுநரிடம் மட்டும் கொடுங்கள்.

இந்தக் கட்டம் முடிந்ததும் மருந்தாளுநருக்கு என்ன கிடைக்கிறது? இன்னும் மூன்று மாதத்தில் காலாவதியாகும் மருந்துகளின் பட்டியல், தீரப்போகும் மருந்துகளின் பட்டியல், தானாகத் தயாராகும் இன்டென்ட். அதைப் பார்த்த பிறகு அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். எங்கள் தலைமை மருந்தாளுநர்தான் பின்னாளில் டாக்டர்களிடம் போய்ப் பேசியவர்.

6. லேப்

லேப்பில் சீக்கிரம் முடிந்துவிடும், ஏனென்றால் அங்கே வேலை ஏற்கெனவே ஒழுங்காக எண் போட்டு நடக்கிறது. இரத்தம் எடுக்கும் இடத்திலேயே பார்கோடு அச்சடித்துக் குழாயில் ஒட்ட வேண்டும். லேப்புக்குள் போன பிறகு ஒட்டுவது என்று வைத்தால் குழாய் மாறும்.

பகுப்பாய்வுக் கருவியை நேரடியாக இணைப்பதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். முதலில் கையால் ஏற்றட்டும், ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் நடக்கவே முடியாத எல்லையைப் போட்டு வையுங்கள். ஹீமோகுளோபின் 11.2 என்பதைப் புள்ளி இல்லாமல் 112 என்று அடித்தால் கணினி ஏற்க மறுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால் திரையில் சிவப்பாகக் காட்டுவதோடு நிறுத்தாமல், டியூட்டி டாக்டருக்குப் போன் செய்யும் பழைய வழக்கத்தையும் தொடருங்கள். திரையை அந்த நேரத்தில் யாரும் பார்க்காமல் இருக்கலாம்.

அதோடு டாக்டர் அறையில் ஒரு கம்ப்யூட்டரை வையுங்கள். பார்க்க மட்டும்தான். எண்ணை ஸ்கேன் செய்தால் பழைய ரிசல்ட்டும் இன்றைய ரிசல்ட்டும் தெரியும், மருந்து இருப்பு தெரியும். எதையும் உள்ளிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் அப்படியே விடுங்கள்.

7. டாக்டர் அறை: இரண்டு நிமிடத்துக்குள்

மூன்று மணி நேரத்தில் 90 நோயாளிகளைப் பார்க்கும் டாக்டருக்கு ஒருவருக்குக் கிடைப்பது 2 நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், எழுதவும் வேண்டும். டைப்பிங்குக்கு அதிகபட்சம் 30 நொடி என்று வைத்துத் திரையை வடிவமையுங்கள். தனியார் மருத்துவமனைக்கு எழுதிய திரையை அப்படியே கொண்டு வந்தால் இங்கே ஓடாது.

வழி இதுதான். உங்கள் மருத்துவமனையில் ஒரு மாத ஓ.பி. நோட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள். 50, 60 நோய்ப் பெயர்களுக்குள் பெரும்பான்மை அடங்கிவிடும். அந்தப் பெயர்களை டாக்டர்கள் சொல்லும் விதத்திலேயே திரையில் வைத்து, ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டைப் பின்னால் மறைத்து இணைத்துவிடுங்கள். குறியீட்டை டாக்டர் தேடக் கூடாது. அதோடு, அடிக்கடி சேர்ந்து எழுதும் மருந்துகளைத் தொகுப்பாக வையுங்கள். "இரத்த அழுத்தம், மாதாந்திர மறுவருகை" என்று ஒன்றை அழுத்தினால் போன மாத மருந்துகள் அப்படியே வர வேண்டும். மாற்றம் இருந்தால் மட்டும் அவர் தொடுவார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டியலை அகர வரிசையில் வைத்தால் அவசரத்தில் முதலில் இருப்பதையே அழுத்துவார்கள். ஓர் இடத்தில் மூன்று மாதக் கணக்கைப் பார்த்தபோது ஊரில் பாதிப் பேருக்கு ஒரே நோய் என்று வந்தது. காரணம், அது பட்டியலின் தலையில் இருந்தது. அந்தந்தத் துறைக்கு அடிக்கடி வருபவை மேலே இருக்க வேண்டும், எதுவும் முன்கூட்டியே தேர்வாகி இருக்கக் கூடாது.

அறிகுறிகளையும் பரிசோதனைக் குறிப்பையும் கட்டாயமாக்காதீர்கள். விருப்பமிருந்தால் எழுதட்டும். ஆரம்பத்தில் கட்டாயம் மூன்றுதான்: நோய்ப் பெயர், மருந்து, மறுபடி வர வேண்டிய தேதி. ஒவ்வாமை இருந்தால் நான்கு. டைப் பண்ணவே முடியாத மூத்த டாக்டருக்கு, பக்கத்தில் உதவியாளர் உட்கார்ந்து ஏற்றலாம். ஆனால் ஒப்புதல் பொத்தானை டாக்டரே அழுத்த வேண்டும். மலாவி நாட்டு மருத்துவமனைகளில் கீபோர்டே இல்லாமல் தொடுதிரை வைத்து, ஒரு திரைக்கு ஒரே கேள்வி என்று அமைத்தார்கள். டைப்பிங் பழக்கம் இல்லாதவர்களுக்கு அது நல்ல யோசனை, நம் சர்க்கரை, பி.பி. கிளினிக்குகளிலும் செய்து பார்க்கலாம்.

எல்லாத் துறையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் சர்க்கரை, இரத்த அழுத்தக் கிளினிக். அங்கே ஒரே நோயாளி மாதாமாதம் வருகிறார், பழைய அளவுகளை வரிசையாகப் பார்ப்பதன் பயன் இரண்டாவது மாதமே தெரிந்துவிடும். அடுத்தது மகப்பேறு. பொது மருத்துவ ஓ.பி. கடைசியில். அங்கேதான் கூட்டம் அதிகம், திரும்ப வருபவர் குறைவு.

இந்தக் கட்டத்தில்தான் மருந்தகத்தில் நோயாளி வாரியாகக் கொடுப்பது தொடங்கும். டாக்டர் அழுத்தியதும் சீட்டு அங்கே திரையில் வந்துவிடும், மருந்தாளுநர் மறுபடி டைப் பண்ண வேண்டியதில்லை.

8. வார்டு

அட்மிஷன், இடமாற்றம், டிஸ்சார்ஜ் இவை மூன்றும் முதலில். இவை சரியாக நடந்தால் நள்ளிரவு சென்சஸ் (வார்டில் எத்தனை நோயாளிகள் என்ற கணக்கு) தானாக வந்துவிடும், இரவு டியூட்டி சிஸ்டருக்கு ஒரு வேலை குறையும். அதை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மற்றதைக் கேளுங்கள்.

எப்போதும் நடக்கும் சிக்கல்: நோயாளி காலையிலேயே வீட்டுக்குப் போயிருப்பார், கணினியில் டிஸ்சார்ஜ் ஆகாமல் படுக்கையிலேயே இருப்பார். அதே படுக்கைக்கு வந்த புதியவரை ஏற்ற முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியின் பிரிண்ட் வந்தால்தான் நோயாளி கிளம்பலாம் என்று வைத்துவிட்டால் இது பெருமளவு தீரும்.

அடுத்தது டிஸ்சார்ஜ் சம்மரி. கடைசியாகத்தான் வேளாவேளைக்கு மருந்து கொடுத்த பதிவு. அதைக் கட்டில் பக்கத்திலேயே போட வேண்டும், தள்ளுவண்டியில் லேப்டாப்போ கையில் டேப்லெட்டோ இல்லாமல் முடியாது. அந்த வசதி வரும்வரை மருந்து அட்டவணை காகிதத்திலேயே இருக்கட்டும். மேசையில் உட்கார்ந்து 30 பேருக்கு மொத்தமாக "கொடுத்தாயிற்று" என்று அழுத்தும் பதிவு, பதிவே இல்லாததைவிட ஆபத்தானது.

9. பயிற்சி

ஹாலில் 80 பேரை உட்கார வைத்து ஸ்லைடு காட்டுவது வீண். அவரவர் இருக்கையில், அவரவர் வேலையை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். ஒரு பகுதி மாறும் முதல் இரண்டு வாரம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஓர் உதவியாளர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இரவு ஷிஃப்ட்டை மறந்துவிடுகிறார்கள். பகலில் கற்றவர் இரவுக்கு இல்லை, இரவில் இருப்பவருக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் வந்து பார்த்தால் பத்து மணி நேரப் பதிவு காணோம்.

10. காகிதத்தை நிறுத்தும் தேதி

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தேதி குறித்து, தலைமை மருத்துவ அலுவலரின் கையெழுத்தோடு சுற்றறிக்கை விடுங்கள். காகிதம், கணினி இரண்டிலும் எழுதும் காலம் இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காகிதத்தை ஒழுங்காக எழுதிவிட்டு, மாலையில் நினைவிலிருந்து கணினியை நிரப்புவார்கள். அந்தத் தரவை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

தேதி குறிப்பதற்கு முன் இணை இயக்குநர் அலுவலகத்திலும் தணிக்கையாளரிடமும் கணினிப் பிரிண்டை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விபத்துப் பதிவேடு, போலீஸ் கேஸ், கோர்ட்டுக்குப் போகக்கூடிய எதையும் எழுத்துபூர்வமான உத்தரவு வரும்வரை காகிதத்திலும் வைத்திருங்கள்.

11. சிஸ்டம் நின்றுபோனால்

நிற்கும். டெல்லி எய்ம்ஸ் போன்ற பெரிய நிறுவனத்திலேயே 2022 நவம்பர் 23 அன்று சர்வர்கள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் பதிவு முதல் லேப் வரை கையால் எழுதி ஓட்டினார்கள்.

ஒவ்வொரு கவுன்டரிலும் ஒரு பெட்டி வையுங்கள். அதில் முன்கூட்டியே எண் அச்சிட்ட 200 ஓ.பி. சீட்டு, லேப் படிவம், மருந்துச் சீட்டு இருக்கட்டும். அந்த எண் வரிசையைக் கணினியில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும், அப்போதுதான் பிறகு ஏற்றும்போது எண் மோதாது. 10 நிமிடம் நின்றால் பெட்டியைத் திற என்பது விதி. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பேக்கப் மூன்று பிரதி: சர்வரில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று, நெட்வொர்க்கோடு இணைக்காமல் பூட்டி வைத்த ஒன்று. மூன்றாவதுதான் தாக்குதல் நடந்தால் காப்பாற்றும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பழைய கணினியில் மீட்டெடுத்து, குறிப்பிட்ட ஐந்து நோயாளிகளின் பதிவு முழுதாக இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பேக்கப் ஓடுகிறது என்று பச்சை விளக்கு எரிந்ததை மட்டும் நம்பியவர்கள், மீட்கும் நாளில் காலிக் கோப்பைத்தான் பார்த்தார்கள்.

12. லாகினும் ரகசியமும்

வார்டுக்கு ஒரே லாகின், பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டிய சீட்டில். இதை எல்லா இடத்திலும் பார்க்கலாம். திட்டினால் சரியாகாது. லாகின் ஆக ஒரு நிமிடம் பிடிப்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள். நான்கு இலக்க எண்ணோ அடையாள அட்டையோ வைத்து ஐந்து நொடியில் ஆள் மாறும் வசதி கொடுங்கள், பகிர்வது தானாகக் குறையும். யார் பெயரில் பதிவாகிறதோ அவர்தான் பின்னால் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

இடமாறுதல் நம் துறையில் ஓயாது. ரிலீவிங் ஆர்டரில் கையெழுத்தாகும் அன்றே லாகினை மூடும் வரி அந்த நோ-டியூஸ் படிவத்தில் இருக்க வேண்டும்.

எச்.ஐ.வி. நிலை, கருக்கலைப்பு, மனநலம், பாலியல் வன்கொடுமை தொடர்பான பதிவுகள் சிகிச்சை தருபவருக்கு மட்டும் தெரிய வேண்டும். எச்.ஐ.வி. தகவலைக் காப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. நம் ஊர்களில் மருத்துவமனைப் பணியாளரும் நோயாளியும் ஒரே தெருவில் இருப்பார்கள். யார் யாருடைய பதிவைத் திறந்தார்கள் என்ற பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், பார்க்கிறோம் என்பதையும் எல்லாருக்கும் தெரியப்படுத்துங்கள். கவுன்டர் திரை வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாதபடி திருப்பி வையுங்கள்.

13. பழைய கேஸ் ஷீட்டுகள்

ரெக்கார்டு அறையில் இருக்கும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்று யாராவது திட்டம் கொண்டு வருவார்கள். வேண்டாம். பணமும் ஆளும் அதில் போய்விடும், ஸ்கேன் செய்த படங்களைப் பிறகு யாரும் தேடித் திறப்பதில்லை. நோயாளி அடுத்த முறை வரும்போது அவருடைய பழைய கட்டிலிருந்து ஐந்து விஷயங்களை மட்டும் ஏற்றினால் போதும்: ஒவ்வாமை, நாள்பட்ட நோய்கள், செய்த அறுவை சிகிச்சைகள், இப்போது எடுக்கும் மருந்துகள், இரத்த வகை. இரத்த வகை மட்டும், முன்பு எழுதியதை நம்பாமல் லேப் ரிசல்ட்டைப் பார்த்து.

பழைய எண்ணைப் புதிய பதிவில் ஒரு கட்டத்தில் எழுதி வையுங்கள். இரவு 2 மணிக்கு ஒருவரின் பழைய கட்டு தேவைப்பட்டால் எந்த அலமாரி என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ரெக்கார்டு அறையின் இன்னொரு சாவி டியூட்டி டாக்டர் அறையில் தொங்கட்டும்.